போய்ப் பார்த்தவர்கள் மட்டும்

நாள் 209. காலை 8.12

உயரம் 381 கிலோமீட்டர். அறை வெப்பம் 24 டிகிரி. கரியமில வாயு 0.6 சதவீதம், சற்று அதிகம்தான், கவலைப்படும்படி இல்லை. கேமரா நலம். கழிப்பறை நலமில்லை. மூன்றாவது முறையாகப் பிரித்து மாட்டினேன்.

பழைய பதிவுப் பெட்டி நிரம்பிவிட்டது, இது புதியது. யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்று கையேடு சொல்வதால் முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் உலகம்மாள். ஊர் பாளையங்கோட்டை. உலகத்தைச் சுற்றும் வேலை. இந்த வேடிக்கையை எல்லோரும் சொல்லியாயிற்று, நீங்களும் சிரித்து முடித்துவிடுங்கள்.

இது ஒரு சிறிய நிலையம். இரண்டு பேருக்கானது. கூட இருந்தவர் சிறுநீரகக் கல் வலியோடு தன் இறங்குகூட்டில் இரண்டு மாதத்துக்கு முன்பே பூமிக்கு இறங்கிவிட்டார், என் கூடு இங்கேயே மாட்டியிருக்கிறது. அதிலிருந்து கேமராவைத் துடைப்பதும் நான், பாடம் நடத்துவதும் நான், எனக்கு நானே குட்மார்னிங் சொல்லிக்கொள்வதும் நான்தான்.

நாள் 209. மாலை 4.40

வகுப்பு முடிந்தது. ஒன்பது நிமிடம்.

ஏன் ஒன்பது நிமிடம் என்றால், பள்ளிக்கூடத்தின் தலைக்கு மேல் நான் கடந்துபோக அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஏறக்குறைய நூறு நிமிடத்துக்கு ஒருமுறை கடக்கிறேன். ராமநாதபுரம் பக்கம், கடற்கரையோரத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். மொட்டைமாடியில் ஆண்டெனா, அறிவியல் அறையில் ஒரு ரேடியோ. பூமியை விண்ணிலிருந்து பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறேன். வருகைப் பதிவுக்கே ஒன்றரை நிமிடம் போய்விடும். "உள்ளேன் டீச்சர்" என்று இழுத்துச் சொல்கிற பழக்கத்தை எவனோ தொடங்கிவைத்தான், இப்போது நாற்பத்தொரு பேரும் இழுக்கிறார்கள்.

பாடம் இதுதான். பள்ளியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை அங்கங்கே இருநூறு மீட்டர் கட்டங்களாகக் குறித்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு கட்டம். கேமரா படம் எடுக்கிறது. கணினி அந்தப் படத்தைப் பார்த்து இது தண்ணீர், இது புல், இது வயல், இது மணல் என்று எழுதுகிறது. பிள்ளைகள் தங்கள் கட்டத்துக்குப் போய்ப் பார்த்து, உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். கணினியின் விடையோடு பொருந்தினால் முழு மதிப்பெண்.

இந்த மாதப் பொருத்தம் 97 சதவீதம். கட்டுப்பாட்டு அறையில் கைதட்டினார்களாம்.

நாள் 210. காலை 10.05

இன்று அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை உயிருள்ள இலை திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் படத்தில் இலை வெள்ளையாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். இதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம். மீதி நேரத்தில் ஒரே தகராறு.

கட்டம் 17-இன் நிஷா. முழுப்பெயர் ரஹ்மத் நிஷா. கணினி அங்கே புல் என்கிறது, இவள் தண்ணீர் என்று எழுதுகிறாள். ஏழு முறை அனுப்பி ஏழு முறையும் பூஜ்யம் வாங்கியிருக்கிறாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இலை, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. கேமராவைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது.

கட்டம் 32-இன் கிளாட்வினைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். அவன் இதுவரை ஒரு மதிப்பெண்கூட இழந்ததில்லை.

பொருந்தாத விடைகளை நான் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது திட்டத்தில் இருக்கிறது. முதல் மாதம் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் மதிப்பெண் போடும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டேன்.

குளிரூட்டும் குழாயில் அம்மோனியா அழுத்தம் சற்றுக் குறைவு. நாளை பார்க்கலாம்.

நாள் 211. காலை 7.30

பார்க்கலாம் என்று எழுதினேன் அல்லவா, அதுவே என்னைப் பார்த்துவிட்டது. குழாய் ஒழுகுகிறது, வெளிப்பக்கமாக. அழுத்தம் பாதிக்குக் கீழே. குளிரூட்டல் இல்லாவிட்டால் காற்று சுத்திகரிப்பான் சூடேறி நின்றுவிடும். மூன்று முறை நின்றது, மூன்று முறை எழுப்பினேன்.

கரியமில வாயு 1.4.

நாள் 211. மாலை 5.15

சுத்திகரிப்பான் இனி எழாது. கையால் மாட்டும் வடிகட்டிகள் பதினொன்று இருந்தன. இறங்குகூட்டில் இருந்தவற்றையும் கழற்றி எடுத்து இங்கே பயன்படுத்துகிறேன். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வரும்.

தலைவலி. கரியமில வாயு 1.9. எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

கட்டுப்பாட்டு அறையில் தணிகாசலம் பணியில் இருக்கிறார். நல்ல மனிதர், பதற்றம் வந்தால் மெதுவாகப் பேசுவார். இன்று மிக மெதுவாகப் பேசினார். நாளை மறுநாள் பிற்பகல் என்னை இறக்கப் போகிறார்கள். ஆனால் வழக்கமாக இறங்கும் மைதானத்தின் மேல் புயல் சின்னம் உட்கார்ந்திருக்கிறது. கடலில் இறங்க முடியாது, இந்தக் கூடு மிதக்காது. சமமான, காய்ந்த, ஆளில்லாத தரை வேண்டும். அதுவும் என் பாதைக்கு நேர் கீழே.

நாள் 212. காலை 11.20

தணிகாசலம் நல்ல செய்தி என்று சொல்லித் தொடங்கினார். அவர் பேசியது அப்படியே:

"மேடம், கடைசில உங்க ஸ்கூல் ஏரியாவத்தான் முடிவு பண்ணிருக்கோம். அங்க மழை கம்மி. உங்க புள்ளைங்க செக் பண்ண மேப் மாதிரி நம்மகிட்ட வேற மேப்பே இல்ல. தொண்ணூத்தேழு பர்சன்ட் மேட்ச். வேற எதுக்கும் இப்படி வந்ததில்ல. அதுல புல், காஞ்ச தரைன்னு இருக்கற பதிமூணு கட்டத்த எடுத்து வெச்சிருக்கோம். ஒண்ணு இல்லன்னா ஒண்ணு."

சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வகுப்பு போட்ட வரைபடத்தில் நானே இறங்கப்போகிறேன். வீட்டில் இருந்திருந்தால் கேசரி கிண்டியிருப்பேன்.

மழைக்குப் பிறகு தரை எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம் என்றார். விஷயத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், வழக்கமான வீட்டுப்பாடம் மாதிரி கொடுங்கள் என்றார். ஒப்புக்கொண்டேன். என் கேமரா நேற்றே சூட்டில் செத்துவிட்டது. கீழே வேறு ஒரே மேகம். பூமியைப் பார்க்க வந்தவளுக்கு இப்போது பூமி தெரியவில்லை.

கரியமில வாயு 2.6.

நாள் 213. காலை 9.52

வீட்டுப்பாடம் கொடுத்தாயிற்று. எல்லாக் கட்டங்களும், இன்றே, மறுபடி. கலைந்த குரலில் சரி டீச்சர் என்றார்கள். என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். சளி என்றேன்.

அடுத்த கடப்பு 11.30. அதற்கு அடுத்தது 1.10. அதற்கு அடுத்த கடப்பின்போது நான் மேலே இருக்க மாட்டேன், இறங்கிக்கொண்டிருப்பேன்.

நாள் 213. காலை 11.34. கடப்பு நடக்கிறது

விடைகள் மொத்தமாக வந்துவிட்டன. நாற்பத்தொன்றில் நாற்பது அப்படியே பொருந்துகின்றன. நிஷா மட்டும் வழக்கம்போலத் தண்ணீர்.

அனுப்பிய நேரம் பக்கத்தில் இருக்கிறது. முதல் விடை 10.04. கடைசி விடை 10.12, அது நிஷாவுடையது, அவள் கட்டம் சைக்கிளில் ஐந்து நிமிடம்தான்.

கிளாட்வினின் கட்டம் 32 பள்ளியிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம். அவன் விடை 10.05-க்கு வந்திருக்கிறது.

மூன்று முறை படித்தேன். இந்தக் காற்றில் எதையும் மூன்று முறை படிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மைக்கை எடுத்துச் சொன்னேன். திட்டவில்லை. உங்கள் கட்டத்துக்கு நேரில் போய்ப் பார்த்தவர்கள் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் சும்மா இருங்கள் என்றேன்.

நிஷா பேசினாள்.

"நான் போனேன் டீச்சர். எட்டு தடவயும் போனேன். அது புல்லு இல்ல, கம்மாத் தண்ணி. மேல ஆகாசத்தாமர மூடிக் கெடக்கு. இப்பவும் கல்லத் தூக்கிப் போட்டேன், முங்கிப் போச்சு."

பிறகு யாரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும். ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள்.

நாள் 213. காலை 11.42

கடப்பு முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அந்த அமைதியை உடைத்தது கிளாட்வின். அவன் குரல் இன்னும் உடையாத குரல், பதினான்கு வயது.

"டீச்சர், நான் ஒரு நாளும் போனதில்ல. படத்துல உள்ளத எழுதுனா நூறு வருது. போய்ப் பாத்து மாத்தி எழுதுனா நிஷாவுக்கு வந்ததுதான் வருது."

பிள்ளை கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஒத்துப்போகிறவனுக்கு நூறு, போய்ப் பார்த்தவளுக்குப் பூஜ்யம் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொடுத்தது நான். படம் சொன்னதைப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பிள்ளைகள் சொன்னதை வைத்துப் படம் சரி என்று நான் மேலிடத்துக்கு எழுதினேன். 97 சதவீதத்துக்குக் கைதட்டல் வேறு.

வெட்கமாக இருக்கிறது. யாராவது படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். இங்கே காற்று கெட்டுவிட்டது, இன்று மதியம் நான் இறங்க வேண்டும், உங்கள் கட்டங்களில் ஒன்றில்தான் இறங்குவேன், எதில் என்று இன்னும் தெரியவில்லை. பதிமூன்று எண்களைப் படித்தேன். நிஷாவின் 17-உம் அதில் உண்டு, அதை நானே அடித்துவிட்டேன். யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, கரையில் நின்று கல்லைப் போட்டுப் பாருங்கள், பார்த்ததும் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றேன். மழை வலுத்தால் போகவே வேண்டாம் என்றும் சொன்னேன். அது அவர்கள் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். அதற்குள் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கடைசியாகக் கேட்டது சைக்கிள் ஸ்டாண்டை யாரோ உதைத்த சத்தம்.

அழுதேன். இங்கே கண்ணீர் விழாது, கண்ணிலேயே உருண்டையாக நிற்கும். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நாள் 213. பகல் 12.20

தணிகாசலத்திடம் சொன்னேன். ஒரு நாள் தள்ளலாமா என்று கேட்டார். கரியமில வாயு 4.1. நாளை இதே நேரம் பொத்தானை அழுத்த நான் விழித்திருக்க மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். வருவாய்த் துறை ஆட்களை அனுப்பியிருக்கிறார்களாம். சாலையில் பாலம் மூழ்கி, ஜீப் இந்தப் பக்கமே நிற்கிறதாம்.

ஆகப் பன்னிரண்டு சைக்கிள்கள்தான்.

நாள் 213. பகல் 1.19

கூட்டுக்குள் வந்து கதவை மூடிவிட்டேன். இனி எழுதுவதில்லை, பேசுகிறேன், பெட்டி பதிந்துகொள்ளும்.

இந்தக் கடப்பில் ரேடியோவில் இருந்தது நிஷா. அவளுக்குத் தன் கட்டம் மனப்பாடம் என்பதால் அவள் போகவில்லை. போனவர்கள் பள்ளிக்கு போன் செய்து சொன்னதை அவள் எழுதிவைத்துப் படித்தாள். நான் அவள் குரலையே கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன்.

கட்டம் 4, இடுப்பளவு சேறு. 9-இல் கருவேலங்கட்டை அடுக்கிக் கரிமூட்டம் போட்டுப் புகைகிறது, நான்கு பேர் காவலுக்கு. 11-இல் ஆட்டுக்கிடை, எண்ணிப் பார்த்தால் இருநூறு தேறும் என்றானாம். 12-இல் புதிதாக மின் கோபுரம். 20-உம் 21-உம் ஆகாயத்தாமரை, கல் முங்கிவிட்டது. 23-ஐ இறால் பண்ணைக்காக வெட்டிவிட்டார்கள். 26-இல் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் இந்த மழையிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் பையனுக்கும் ஓர் இலை போட்டுவிட்டார்கள், அதனால்தான் அவன் போன் தாமதம். 28 தண்ணீர். 35 சேறு. 38 தண்ணீர்.

சிரித்தேன். இத்தனை நாளில் முதல் உண்மையான வகுப்பு இதுதான். பதினொன்றில் ஒன்றுகூடப் படத்தோடு பொருந்தவில்லை. எல்லோருக்கும் நூறு போட்டுவிட்டேன். கணினி ஒத்துக்கொள்ளவில்லை, கையால் போட்டேன்.

மிச்சம் 32. கிளாட்வினிடமிருந்து இன்னும் விடை இல்லை.

"அவன்தான் டீச்சர் மொதல்ல கெளம்புனான். வழில தண்ணி ஓடுதுன்னு கம்மாக்கரைய சுத்திப் போறானாம். நீங்க வேற எடத்துல எறங்க முடியாதா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்றேன். சிக்னல் போய்விட்டது.

நாள் 213. பகல் 1.58

நிலையத்திலிருந்து பிரிந்தேன். எஞ்சின் 214 விநாடி எரிந்தது. வேகம் குறைந்தது. இனித் திரும்ப முடியாது.

இலக்கு கட்டம் 32. அங்கே காய்ந்த தரை என்று வரைபடம் சொல்கிறது. அதை எழுதியவன் அங்கே போனதே இல்லை. இருந்தாலும் மற்றப் பதினொன்றும் இல்லை என்று உறுதியாகத் தெரிகிறது, இது மட்டும்தான் தெரியவில்லை. தெரியாதது தேவலை என்று போகிறேன்.

கரியமில வாயு 4.8. கைவிரல்கள் மரத்திருக்கின்றன. மூச்சு வாங்குகிறது. பேசுவதைக் குறைக்கிறேன்.

நாள் 213. பகல் 2.27

வெளியே நெருப்பு. ஜன்னல் ஆரஞ்சு. உடம்பு ஏழு மாதத்துக்குப் பிறகு கனக்கிறது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

பயமாக இருக்கிறது. பதிவாகட்டும்.

நாள் 213. பகல் 2.36

பாராசூட் விரிந்தது. இது திருப்பக்கூடியது, வலது கைப்பிடி, இடது கைப்பிடி, பட்டத்தை இழுப்பதுபோல. குறி தப்பினால் ஐந்து மீட்டர், அதற்கு மேல் தப்பாது.

விரிந்த அதிர்ச்சியில் ரேடியோவின் அனுப்பும் பக்கம் போய்விட்டது. எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் கேட்காது. தணிகாசலம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

உயரம் 5,200 மீட்டர். கீழே மேகம்.

2.41

பள்ளியின் அலைவரிசை கிடைத்தது. நிஷா. அப்படியே பதிவாகிறது:

"டீச்சர், கேக்குதா டீச்சர். கிளாட்வின் போன் பண்ணுனான். போய்ச் சேந்துட்டான். கம்மாக்கு நடுவுல ஒரு திட்டு இருக்காம், ஒத்தயடி வரப்பு வழியாப் போனானாம், அது பின்னாலயே முங்கிருச்சாம். காஞ்ச தரையாம். ஏறிக் குதிச்சுப் பாத்தானாம், காலு பதியலயாம். எறங்கலாம் டீச்சர். திட்டு மட்டுந்தான், அதுவும் அறுவது அடிதான் இருக்குமாம். சுத்தி என்னன்னு தெரியல, பச்சயா இருக்குங்குறான்."

காய்ந்த தரை. இருக்கிறது. அவன் போய்விட்டான். போய், ஏறி, குதித்துப் பார்த்திருக்கிறான்.

கடவுளே, நன்றி. கிளாட்வினுக்கும்.

2.43

உயரம் 1,900. திட்டின் மையத்தைக் கணினிக்குக் கொடுத்துவிட்டேன். இடது கைப்பிடி சற்று இறுக்கம். காற்று தெற்கிலிருந்து.

நிஷா மறுபடி பேசுகிறாள். குரல் மாறியிருக்கிறது.

"டீச்சர், அவன் அங்கேயே நிக்கிறான். நடுவுல ஆள் நின்னா உங்களுக்கு அடையாளம் தெரியுமாம். செவப்புச் சட்டய கழட்டி ஆட்டப் போறேங்கிறான். ஓடுறா ஓடுறான்னு கத்துனேன். இத்தன நாள் வராததுக்கு இன்னிக்கி நிப்பேங்கிறான். இப்ப போன் எடுக்க மாட்டேங்குது டீச்சர். ஆஃப் ஆயிருச்சு. நீங்க அவன்ட்ட சொல்லுங்க டீச்சர்."

2.44

சொன்னேன். கத்தினேன். எனக்கு மட்டும்தான் கேட்டது.

கூட்டின் எடை இரண்டே முக்கால் டன். கடைசிக் கணத்தில் கீழே எரியும் ராக்கெட்டுகள் நான்கு. அறுபது அடித் திட்டில் அவனுக்கு ஓட இடம் இல்லை. ஓடினாலும் எந்தப் பக்கம் ஓடுவான், சுற்றிலும் தெரியாத பச்சை.

மேகத்துக்குக் கீழே வந்துவிட்டேன். உயரம் 1,400. கண்மாய் தெரிகிறது. நடுவில் மண் நிறத்தில் திட்டு. அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

புள்ளி ஆடுகிறது.

2.45

தணிகாசலம் மெதுவாகப் பேசுகிறார். "மேடம், குறி கரெக்டா இருக்கு. எதையும் தொடாதீங்க. எதையும் தொடாதீங்க."

அவருக்கு அந்தச் சிவப்பு தெரியாது.

உயரம் 900. இழுத்தால் இப்போதே இழுக்க வேண்டும். வடக்கே நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போகலாம். வடகரையோரம் பச்சை விரிந்திருக்கிறது. என்ன பச்சை என்று யாரும் சொல்லவில்லை. அங்கே யாரும் கல் போட்டுப் பார்க்கவில்லை.

கணினி சொல்கிறது: புல், 97 சதவீதம்.

வாயை மூடு.

2.46

வலது கைப்பிடியை முழுக்க இழுத்துவிட்டேன். திரும்புகிறது. திட்டு ஜன்னலை விட்டு நகர்கிறது. சிவப்புப் புள்ளி சட்டையை ஆட்டிக்கொண்டு என் பின்னாலேயே திட்டின் ஓரம் வரை ஓடிவருகிறது. நில், அங்கேயே நில், நல்ல பிள்ளை அல்லவா, தண்ணீரில் இறங்காதே.

நின்றுவிட்டான்.

உயரம் 300. நிஷா அழுதுகொண்டே ஏதோ ஓதுகிறாள், மைக்கை விடவில்லை. தணிகாசலம் என் பெயரை விட்டுவிட்டு எண்களை மட்டும் படிக்கிறார்.

200. இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: பையனைத் திட்டாதீர்கள். அவன் போய்ப் பார்த்தான்.

120. அசைவு இல்லை. காற்றுக்கு அலையவில்லை. புல்லாக இருந்தால் அலையும். உயரம் அதிகம், இங்கிருந்து தெரியாது.

80. இலை. அகலமான இலை மாதிரி

50. பச்சையாகத்தான் தெரிகிறது